இருபது பைட்டும் ஒரு சிவப்பு நோட்டும்

ஜிசிப் என்றொரு சுருக்கும் கருவி உண்டு. அதனிடம் ஒன்றுமே கொடுக்காமல், சுருக்கிக் கொடு என்று கேட்டால் அது மறுக்காது. ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கி, உறையிலிட்டு, 20 பைட் அளவில் ஒரு கோப்பாக நீட்டும். அந்த 20 பைட்டும் வெறும் உறைதான். உள்ளே கடிதம் இல்லை. 2024 அக்டோபர் 14 அன்று இரவு பதினொன்றரை மணிக்கு, அப்படிப்பட்ட கோப்புகள் முப்பது, தேதிவாரியாக, என் திரையில் வரிசை கட்டி நின்றன. தீபாவளிக்கு இன்னும் பதினேழு நாள்.

அந்தக் கோப்புகளை ஒவ்வோர் இரவும் உண்டாக்கியது நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாகக் கோத்த ஒரு சிறு நிரல். அவற்றுக்கு நான் வைத்திருந்த பெயர் பேக்கப்.

எங்கள் பக்கத்தில் என் வேலையை விளக்குவது சிரமம். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், "எந்த மெஸ்ஸில்?" என்று கேட்பார்கள். காரைக்குடியில் சர்வர் என்றால் இலை போட்டு, கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிறவர். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் கடைகளின், பள்ளிக்கூடங்களின் இணையதளங்களைத் தாங்கும் கணினிகள். பதினொன்றும் மும்பையில் ஏதோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் இருக்கின்றன. அவற்றின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் இருப்பது கோட்டையூரில், ஒரு பெரிய வீட்டின் முகப்பை ஒட்டிய பழைய கணக்கறையில். அந்த வீட்டில் என் அப்பா 31 ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வீட்டுக்காரர்கள் இப்போது சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். வீட்டைத் திறந்து, பெருக்க வைத்து, விளக்கேற்றிப் பூட்டுவதற்கு ஈடாக அந்த அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சித்திரை வெயிலிலும் குளிர்ந்து கிடக்கும். சுவர்தான் சிக்கல். அந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி வளவுக்குள் நுழைய வைஃபை மறுக்கிறது. கேபிள் இழுத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியதற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. சோம்பல்தான். காலையில் எழுந்ததும் பதினொரு சர்வருக்குள்ளும் ஒவ்வொன்றாக நுழைய வேண்டும். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம், இரவில் ஏதாவது செத்து விழுந்ததா, பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியோடு முடிகிறது, பேக்கப் வந்ததா. ஒரு சர்வருக்கு ஐந்து நிமிடம் என்றாலும் காப்பி ஆறிப்போகும். இரண்டாவது வாரமே, இதே கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, பதினொரு பெயர்களைக் கொடுத்து, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒவ்வொன்றிலும் போய் ஓட்டிவிட்டு வா என்று ஆறு வரிகளில் சொல்லிவிட்டேன். ஐம்பத்தைந்து நிமிட வேலை நாற்பது விநாடியில் முடிந்தது. அன்று எனக்கு வந்த செருக்கு இருக்கிறதே, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கறுப்புத் திரை வித்தைகள் எல்லாம் பழையவை. 1964-இல் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்து ரப்பர் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், கென் தாம்சன் அதை யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்குள் ஒரே இரவில் கட்டிக்கொடுத்தார் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை. ஒரு கட்டளையின் வாயிலிருந்து வருவது அடுத்த கட்டளையின் வாய்க்குள் போகும். நான் அன்றாடம் எழுதும் பேஷ் மொழி 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்டது. ஓட்டுக்கூரையில் விழும் மழை உள்நோக்கிச் சரிந்து, முற்றத்தில் கொட்டி, வடிகால் வழியே தெருவுக்கும் அங்கிருந்து ஊரணிக்கும் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் குழாய் என்ற எண்ணம் அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு கூரைப் பக்கம் வறண்டிருந்தாலும் முற்றத்துக் குழாயில் தண்ணீர் வரும் என்பதை மட்டும் அப்போது யோசிக்கவில்லை.

ஆறு வரி அறுபதாயிற்று, அறுபது அறுநூறாயிற்று. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் அவமானம் இருக்கிறது. ஒரு ஜவுளிக்கடையின் சர்வரில் வட்டு முழுக்க நிரம்பிவிட்டதாக டிஎஃப் என்ற கட்டளை சொன்னது. உள்ளே இருக்கும் கோப்புகளையெல்லாம் டியூ கட்டளையால் கூட்டினால் பாதிதான் வந்தது. மீதிப் பாதி எங்கே? ஒரு பகல் முழுவதும் தேடினேன். முந்தைய வாரம் பெருத்துப்போன ஒரு லாக் கோப்பை, அதாவது நிரல் தன் நடப்பைக் குறித்து வைக்கும் கோப்பை, நான்தான் அழித்திருந்தேன். பெயர் போய்விட்டது, ஆனால் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த நிரல் விடவில்லை. விற்றுப் பத்திரம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் காலி செய்யாத வீடு. அந்த நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டியதும் இடம் திரும்பியது. இப்போது அப்படி அழிந்தும் அழியாமல் கிடக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் கொண்டு தேடிப் பார்க்கும் வரி ஒன்று காலை ஸ்கிரிப்டில் இருக்கிறது.

க்ரான் கொடுத்த தொல்லைகள் தனி. குறித்த நேரத்தில் வேலைகளைத் தட்டி எழுப்பும் காவல்காரன் அவன். இரவு இரண்டு மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஓடு என்று ஒரு கனமான வேலையைப் போட்டு வைத்தேன். சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்தது. நம் கணக்கில் காலை ஏழரை. பெற்றோர்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவைத் திறக்கும் நேரம் பார்த்து அது சர்வரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. க்ரான் பட்டியலுக்குள் விழுக்காட்டுக் குறியைப் போட்டால் அதை வரி முடிவு என்று எடுத்துக்கொள்ளும் என்பதும் அடிபட்டுத்தான் தெரிந்தது. தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்க அந்தக் குறி வேண்டும். கையால் ஓட்டினால் ஓடும், க்ரானில் போட்டால் ஓடாது. பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

இப்போது அந்த பேக்கப் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன்.

காரைக்குடியில் ஓர் ஆச்சி இருக்கிறார். தேன்குழல், சீப்புச்சீடை, மனோலம், அதிரசம், மாவுருண்டை என்று வீட்டிலேயே பலகாரம் செய்து சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று அனுப்புகிறார். பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். பேரன் ஓர் இணையதளம் போட்டுக் கொடுத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டான். அதைக் கட்டிக் காக்கும் பொறுப்பு எனக்கு. ஆர்டர்கள் ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் விழும். அதை இரவுதோறும் நகலெடுக்க நான்கு வரி எழுதியிருந்தேன். முதல் வரி, தரவுத்தளத்தைக் கொட்டி, குழாய் வழியே ஜிசிப்பிடம் கொடுத்துச் சுருக்கிக் கோப்பாக்கும். இரண்டாம் வரி, முப்பது நாளுக்கு மேல் பழைய கோப்புகளைத் தேடி அழிக்கும். மூன்றாம் வரி, ஆர்சிங்க் கொண்டு அந்தக் கோப்புறையை அப்படியே கோட்டையூரில் என் அறையிலுள்ள சிறு கணினிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே அழிந்தது இங்கேயும் அழியும்படி. நான்காம் வரி, 'பேக்கப் முடிந்தது' என்று லாகில் எழுதும்.

நல்ல ஸ்கிரிப்ட் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு ஊர்களில் நகல், பழையது தானாகக் கழியும், லாகும் உண்டு.

ஆகஸ்ட் 28 அன்று எல்லாத் தரவுத்தளங்களின் கடவுச்சொற்களையும் மாற்றினேன். மாற்றும் முன் ஆச்சியின் தரவுத்தளத்தைக் கையாலேயே ஒரு நகல் எடுத்து என் மடிக்கணினியில் போட்டு வைத்தேன். என்னவோ, அன்று கை அப்படிப் போயிற்று. ஸ்கிரிப்ட் படிக்கும் கடவுச்சொல் தனியாக ஒரு கோப்பில் இருந்தது. அதை மாற்ற மறந்துவிட்டேன்.

அன்று இரவு நடந்தது இதுதான். கொட்டும் கட்டளை தரவுத்தளத்தின் கதவைத் தட்டியது, அனுமதி இல்லை என்று பதில் வந்தது, அது பிழையைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு முடிந்தது. குழாயின் மறுமுனையில் ஜிசிப் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. வராததைச் சுருக்கி 20 பைட்டாக எழுதி, வெற்றி என்று அறிவித்தது. பேஷுக்கு ஒரு பழக்கம் உண்டு: குழாயில் எத்தனை கட்டளைகள் கோத்திருந்தாலும், கடைசிக் கட்டளை என்ன சொல்கிறதோ அதையே மொத்தக் குழாயின் முடிவாக எடுத்துக்கொள்ளும். முதல் கட்டளை செத்ததை அது பொருட்படுத்தாது. பைப்ஃபெயில் என்ற ஒரு தேர்வை இட்டிருந்தால் பொருட்படுத்தியிருக்கும். நான் இடவில்லை.

இரண்டாம் வரி தன் கடமையில் தவறவே இல்லை. ஒவ்வோர் இரவும் முப்பது நாளைத் தாண்டிய ஒரு நல்ல பேக்கப்பை எடுத்து அழித்தது. செப்டம்பர் முடிவதற்குள் உயிருள்ள கோப்புகள் எல்லாம் போய், வெற்று உறைகள் முப்பது மட்டும் மிஞ்சின. மூன்றாம் வரி அந்த அழிவை நம்பிக்கையோடு கோட்டையூருக்கும் கொண்டுவந்தது. நான்காம் வரி, முடிந்தது, முடிந்தது என்று நாள்தோறும் எழுதிக்கொண்டே இருந்தது. ஒரு வகையில் அது பொய் சொல்லவில்லை.

அக்டோபர் 14 இரவு என் திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று சோதனைக்கான தரவுத்தளம், மற்றது உண்மையானது. சோதனையிலுள்ள ஆர்டர் அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். அழித்தேன். ஜன்னல் மாறிவிட்டது. அந்த நொடியில் காது அடைத்தது உண்மை. ஆனால் பெரிதாகக் கலங்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், அதுவும் நிதானமாக. பேக்கப்தான் இருக்கிறதே. திரும்பி வந்து கோப்புகளைப் பட்டியலிட்டேன். நேற்றைய கோப்பு 20. அதற்கு முந்தைய நாள் 20. மேலே மேலே போகப் போக 20, 20, 20.

பிறகுதான் ரூட் என்ற தலைமைப் பயனரின் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். க்ரான் ஓட்டும் வேலை ஏதாவது பிழையைச் சொன்னால், அதை அந்த சர்வருக்குள்ளேயே இருக்கும் ஒரு பெட்டிக்குக் கடிதமாகப் போட்டுவிடும். நான் அதை ஒருபோதும் திறந்து பார்த்தவனில்லை. உள்ளே நாற்பத்தேழு கடிதங்கள், எல்லாவற்றிலும் ஒரே வாசகம், அனுமதி மறுக்கப்பட்டது. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் தபால்காரர் கம்பிக் கதவின் இடுக்கு வழியே கடிதங்களைத் தள்ளிவிட்டுப் போவார். தண்ணீர் வரி நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் புழுதி படிந்து திண்ணையில் குவிந்து கிடக்கும். அந்த வீடுகளைப் பார்த்து எத்தனையோ முறை நான் பெருமூச்சு விட்டதுண்டு.

மறுநாள் விடிந்ததும் ஆச்சி வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் விறகடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆச்சி, ஒரு தப்பு செய்துவிட்டேன்."

"ஏன் தம்பி, கம்ப்யூட்டர் படுத்துவிட்டதா?"

"கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. நான்தான் ஆர்டர்களை அழித்துவிட்டேன். ஆகஸ்ட் மாதக் கடைசி வரை என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது எதுவும் இல்லை."

அவர் தேன்குழல் உழக்கைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே போய், சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார்.

"அடுப்படிக்காக நான் எழுதியது. பேரும் ஊரும் பண்டமும் எடையும் இருக்கும். விலாசம் இருக்காது. இதை வைத்து உன்னால் ஏதாவது செய்ய முடியுமா?"

அடுத்த இரண்டு நாள்கள் நான் எழுதிய ஸ்கிரிப்டுகள்தான் இந்த வேலையில் நான் எழுதியவற்றிலேயே உருப்படியானவை. ஒவ்வோர் ஆர்டர் வரும்போதும் வாங்குபவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். கடைக்கும் அதன் நகல் வரும். நாற்பத்தேழு நாள் மின்னஞ்சல்களை இறக்கினேன். கிரெப் என்ற தேடும் கட்டளையை வைத்து ஆர்டர் எண்ணைத் தேடினால் ஒன்றுகூடச் சிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: தமிழ் எழுத்துகள் இருப்பதால் கடிதத்தின் உடல் முழுவதும் பேஸ்64 என்ற குறியீட்டில் மாற்றி அனுப்பப்பட்டிருக்கிறது. முதலில் அதைப் பிரித்தேன். பிறகு செட் என்ற கட்டளை கொண்டு தேவையற்ற குறிகளைக் களைந்து, ஆக் கொண்டு எண், பெயர், விலாசம், பண்டம், எடை என்று பத்தி பிரித்து, வரிசைப்படுத்தி, இரட்டிப்பை நீக்கினேன். ஆக் என்ற பெயர் அதை எழுதிய அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரின் பெயர்களுடைய முதல் எழுத்துகள். 1977-இல் பிறந்த கருவி. என்னைவிட வயதில் மூத்தது. அந்த இரண்டு நாள் அதற்கு நான் அண்ணன் மரியாதை கொடுத்தேன்.

ஆர்டர் எண்கள் 4,100-இல் தொடங்கி 4,862-இல் முடிந்தன. மொத்தம் 763 இருக்க வேண்டும். மின்னஞ்சலில் கிடைத்தவை 731. எந்தெந்த எண்கள் விட்டுப்போயின என்று கண்டுபிடிக்க ஒரே வரி போதும்: முழு வரிசையை ஒரு பக்கம், கிடைத்ததை மறுபக்கம் வைத்து காம் என்ற கட்டளையிடம் கொடுத்தால் வித்தியாசத்தைத் துப்பிவிடும். முப்பத்திரண்டு எண்கள். இணையத்தில் பணம் செலுத்தியவர்களின் பட்டியலிலும் அவை இல்லை.

"போனில் சொல்கிறவர்களாக இருக்கும்" என்றார் ஆச்சி. வயதானவர்கள் கடைக்குத் தொலைபேசியில் சொல்வார்கள், அல்லது நேரில் வந்து பணம் கட்டுவார்கள். கடையில் இருக்கும் பெண் அதை இணையதளத்தில் பதிவாள். மின்னஞ்சல் முகவரி இருக்காது, ஆகவே கடிதமும் போகாது. அன்று சாயங்காலம் பட்டாலையில் உட்கார்ந்து ஆச்சி நோட்டை வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்தேன். "தேவகோட்டைக்காரர், அதிரசம் இரண்டு கிலோ. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அதனால் மாவுருண்டையும் கேட்டார்." என் அட்டவணையில் பிரசவத்துக்குப் பத்தி கிடையாது. முப்பத்தொன்று நேராயின. 4,417 மட்டும் எதிலும் இல்லை.

"பாதியில் விட்டுவிட்டுப் போன ஆர்டராக இருக்கும், ஆச்சி. எண் மட்டும் செலவாகியிருக்கும். அப்படி நடப்பது உண்டு."

"அப்படியா?" என்றார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு. கணினியைத் தொட்டதில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேக்கப் இருக்கிறது, பேக்கப் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, ஒருநாளாவது திறந்து எண்ணினாயா?" என்றார்.

அவருடைய கணக்கறை வழக்கம் எனக்குத் தெரியும். நாள்வழிக் குறிப்பில் வரவும் பற்றும் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவது எல்லாக் கணக்கப்பிள்ளைகளும் செய்வது. தினமும் விளக்கு வைத்த பிறகு அவர் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணுவார். அப்போது குறிப்பேடு மூடியே இருக்கும். எண்ணி முடித்து, தொகையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்த பிறகுதான் ஏட்டைத் திறப்பார். சின்ன வயதில் ஏன் என்று கேட்டிருக்கிறேன். "ஏட்டைப் பார்த்துவிட்டு எண்ணினால், கை அந்தத் தொகையில் போய்த் தானாக நின்றுகொள்ளும்" என்றார். அப்போது புரியவில்லை. எனக்கு வாய்த்த லாக் அந்த வகை ஏடு. இருப்பு என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு நாற்பத்தேழு நாள் நான் பெட்டியைத் திறக்காமலே நகர்ந்திருக்கிறேன்.

புதிய ஸ்கிரிப்டை அந்த வழக்கப்படி எழுதினேன். நான்கு வரி நூற்றிருபது வரியாகிவிட்டது. பைப்ஃபெயில் முதல் வரியிலேயே நிற்கிறது. கொட்டும் கட்டளை ஒழுங்காக முடிந்தால், கொட்டிய கோப்பின் கடைசி வரியில் முடிந்தது என்று ஒரு குறிப்பை எழுதும்; அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்றைய கோப்பைவிட இன்றையது பாதியாகக் குறைந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுகிறேன். இவையெல்லாம் சில்லறைக் காவல். முக்கியமானது இது: கோட்டையூர்க் கணினி, வந்த நகலை ஒரு காலித் தரவுத்தளத்தில் முழுதாக விரித்து, முந்தைய நள்ளிரவு வரையிலான ஆர்டர்களை எண்ணும். அதே வேளையில் மும்பை சர்வர் தன் கையிலிருப்பதை எண்ணும். ஒன்றின் விடை மற்றதற்குத் தெரியாது. மூன்றாவதாக இன்னொரு சிறு சர்வர் இரண்டு துண்டுக் காகிதத்தையும் வாங்கி ஒப்பிடும். பொருந்தினால் எனக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி, எண்ணிக்கை மட்டும். பொருந்தாவிட்டாலோ, காலை ஆறரைக்குள் யாராவது ஒருவர் காகிதம் கொடுக்காவிட்டாலோ அது கூப்பாடு போடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நின்று, அதன் பின்னும் வராமல் கோட்டையூர்க் கணினி விடிய விடியப் படுத்துக்கிடந்தால், கூப்பிடுவது அந்த மூன்றாவது ஆள்தான். படுத்துக்கிடப்பவரே வந்து, நான் படுத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டார் அல்லவா.

பழைய கோப்பை அழிக்கும் விதியையும் மாற்றினேன். வயதைப் பார்த்து அழிப்பது கிடையாது. எண்ணிச் சரிபார்த்த நகல்கள் ஏழு கையில் இருந்தால்தான் எட்டாவதைத் தொடலாம். ஆர்சிங்க் இப்போது கொண்டுவருவதோடு சரி. அங்கே அழிந்தது என்பதற்காக இங்கே அழிக்க அதற்கு உரிமை இல்லை.

இதை எழுதிக்கொண்டிருந்த நாள்களில், நிரலர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் 2017 விபத்து அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர், தவறான சர்வர் என்று தெரியாமல் உண்மையான தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். இரவு பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.6 பதிப்பு, கொட்டும் கருவி 9.2 பதிப்பு. பொருந்தாமல் அது ஓடாமலே நின்றுபோயிருக்கிறது. தோல்வியைச் சொல்லப் புறப்பட்ட மின்னஞ்சல்கள் உரிய முத்திரை இல்லை என்று வழியிலேயே திருப்பப்பட்டுவிட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல் அவர்களைக் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். முதன்முறை படித்தபோது, இவ்வளவு பெரிய நிறுவனத்தில் இப்படியா என்று உச்சுக்கொட்டினேன். ஆறு வரியில் பதினொரு சர்வரைச் சுற்றி வந்த செருக்கு என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

கேட்கிறவர்களுக்காக இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். எழுதிய ஸ்கிரிப்டை ஷெல்செக் என்ற கருவியிடம் ஒருமுறை காட்டாமல் சர்வரில் ஏற்றாதீர்கள். மேற்கோள் குறி விடுபட்ட இடங்களை அது சலிக்காமல் சுட்டும். அழிக்கும் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு மாறி இருந்தால், அது காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். 2015-இல் லினக்ஸ் கணினிகளுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை நிரலில் கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி காலியாகிப்போய், அழிக்கும் கட்டளை கணினியின் வேரிலிருந்து தொடங்கியது. பயனர்களின் கோப்புகள் எல்லாம் போயின. அந்த வரிக்குப் பக்கத்தில் இது பயமாக இருக்கிறது என்று எழுதியவரே குறிப்பு வைத்திருந்தார். பயந்தவர் நிறுத்தியிருக்கலாம். சோதனை ஜன்னலுக்கும் உண்மை ஜன்னலுக்கும் இப்போது வேறு வேறு நிறம் வைத்திருக்கிறேன். உண்மையானது ரத்தச் சிவப்பு. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

தீபாவளிக்கு எல்லாப் பொட்டலங்களும் போய்ச் சேர்ந்தன. நான் ஒரு மாதக் கட்டணத்தை வாங்க மறுத்தேன். ஆச்சி மறுப்பை ஏற்கவில்லை, ஆனால் பாதியைப் பலகாரமாகக் கொடுத்தார்.

நவம்பர் மூன்றாவது வாரம் ஆச்சியிடமிருந்து அழைப்பு. பள்ளத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். செப்டம்பரில் நேரில் வந்து பணம் கட்டி, கோவையிலுள்ள மகள் வீட்டுக்குச் சீப்புச்சீடை மூன்று கிலோ அனுப்பச் சொன்னாராம். தீபாவளி போய்க் கார்த்திகையும் பிறந்துவிட்டது, இன்னும் போகவில்லையாம். கடைப் பெண் பதிவு செய்து முடித்த கையோடு மின்சாரம் போயிருக்கிறது. ஆச்சி அன்று பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்ததால் நோட்டிலும் ஏறவில்லை.

"4,417 என்றாயே, அவர்தான்" என்றார். "ஆறு கிலோவாக அனுப்பச் சொல்லிவிட்டேன். உன் கணக்கிலும் ஏற்றிவிடு தம்பி. நான் நோட்டில் எழுதிவிட்டேன்."